வேடசந்தூர் பக்கம் குடிநோய் மீட்புக் குழு: எங்கே தேடுவது, இல்லையென்றால் எப்படித் தொடங்குவது?

வேடசந்தூர்_தொழிலாளர்நலன்:

வணக்கம். நூற்பாலை ஒன்றில் தொழிலாளர் நலப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு தொழிலாளர்களுக்காகக் கேட்கிறேன். மூன்று பேர் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான்காமவர் தினமும் இரண்டு குவாட்டர் குடிக்கிறார், நிறுத்த வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்கிறார்.

மருந்துக்கும் படுக்கைக்கும் வழி தெரியும். ஈஎஸ்ஐ மருந்தகத்தில் கடிதம் வாங்கலாம், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் வெற்றிடம். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஏஏ கூட்டத்துக்குச் செல்லவும்" என்று எழுதுகிறார்கள். எங்கே, என்றைக்கு என்று எழுதுவதில்லை. இணையத்தில் தேடினால் "மறுவாழ்வு மையம், 24 மணி நேரமும் வண்டி அனுப்புவோம்" என்கிற விளம்பரங்கள்தான் வரிசையாக வருகின்றன.

உண்மையான குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? போய்ப் பார்த்தால் அது சரியான இடம்தானா என்று எதை வைத்துச் சொல்வது? வேடசந்தூரிலேயே ஒன்று தொடங்க முடியுமா? ஆலையின் மனமகிழ் மன்றக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது. வேலை மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் 6. வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும்.

வட்டநாற்காலி_மதுரை:

வணக்கம் சார். முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். மறுவாழ்வு மையம் என்பது ஆளை உள்ளே வைத்துப் பார்க்கிற இடம். அதற்குப் பணம் உண்டு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர்கள், நள்ளிரவில் நான்கு ஆட்களோடு வந்து தூக்கிப்போகிறோம் என்கிறவர்கள் பக்கமே போக வேண்டாம். சங்கிலியால் கட்டி வைப்பது அந்தச் சட்டத்தின்படி முழுத் தடை.

நீங்கள் தேடுவது அது இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியை விடப் போராடிய இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இன்றைக்கும் அதன் சாரம் அவ்வளவுதான்: குடியை நிறுத்தியவரும் நிறுத்த விரும்புகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது. மருத்துவர் இல்லை, படுக்கை இல்லை, கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுவது. புதியவர் போட வேண்டியதில்லை. சேர்க்கைக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது ஏஏ அல்ல.

தேடுகிற வழி: ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் உதவி எண்ணும் உண்டு. வேடசந்தூர் என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். திண்டுக்கல், கரூர், மதுரை மூன்றையும் பாருங்கள். பட்டியலை மட்டும் நம்பி ஆளை அனுப்பவும் கூடாது. பள்ளியில் பரீட்சை, வாடகைத் தகராறு என்று இடம் மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது. முதல் நாள் போகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் நேராக டாஸ்மாக்குக்குத்தான் போவார். அதனால் போன் போட்டு, இந்த வாரம் கூட்டம் நடக்கிறதா, தமிழில்தானா, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் உட்காரலாம். திறந்ததற்கு மனைவி, அண்ணன் தம்பி யாரும் கூட வரலாம். கடைசியாக ஒன்று கட்டாயம் கேட்க வேண்டும்: "புதுசா ஒருத்தர் வர்றார், வாசல்ல யாராவது நிற்பீங்களா?" நல்ல குழுவாக இருந்தால் பேருந்து நிலையத்துக்கே ஆள் வரும்.

இன்னொரு வழி, அரசின் இலவச எண்கள். போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416. மாநிலச் சுகாதார உதவிக்கு 104. பக்கத்தில் என்ன சிகிச்சை, யாரைப் பார்ப்பது என்று இங்கே கேட்கலாம். ஆனால் எந்தக் கூட்டம் இப்போது உயிரோடு இருக்கிறது என்பது, மூன்று பேரும் சிகிச்சை எடுத்த வார்டின் ஆலோசகருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அவரிடம் "ஏஏ எங்கே" என்று கேட்பதைவிட "உங்க வார்டுக்கு ஏஏ ஆட்கள் யாராவது வந்து பேசுவாங்களா" என்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்குப் போய்ப் பேசுவது ஏஏவின் வழக்கமான சேவை.

சரியான இடமா என்று எப்படித் தெரியும் என்றீர்கள். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். "நீ" என்று ஆரம்பிக்கிற வாக்கியம் அங்கே குறைவு. பெயரை மட்டும் சொன்னால் போதும். ஊர், சாதி, வேலை கேட்க மாட்டார்கள். புதியவர் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிச் சும்மா உட்காரலாம். இதற்கு மாறாகப் புதியவரை எழுப்பி நிறுத்தி விசாரிப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, சீட்டு, வியாபாரம், கட்சி, மதம் என்று பேச்சு போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு குழு பாருங்கள். ஆனால் ஒரே கூட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குழுவுக்குக் குழு மணம் மாறும். ஆறு கூட்டமாவது, முடிந்தால் இரண்டு இடங்களில், போய்ப் பார்க்கட்டும்.

கால் மணி நேரம் முன்னதாகப் போய், முடிந்த பிறகும் கால் மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். டீ கிளாஸோடு நிற்கும்போதுதான் போன் எண்கள் கைமாறும். மூன்று எண்களாவது வாங்காமல் பஸ் ஏறக் கூடாது.

வார்டு_சிஸ்டர்:

அந்த நான்காமவரைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரம். அவரைக் கூட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரு குவாட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். இரண்டு குவாட்டர் 120 கிராம். தினமும் இந்த அளவில் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் நேரம் இடம் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பார்ப்பது, காய்ச்சல் என்று வந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுவிட்டு மூன்றாம் நாள் வலிப்போடு வார்டுக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாமி கோபித்துக்கொண்டது என்று வீட்டில் பயப்படுவார்கள். அது குடியை நிறுத்தியதன் விளைவு, மருந்தால் தடுக்கக்கூடியது.

காலையில் கண் விழித்ததும் குடிக்கிறாரா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு அல்லது பிதற்றல் வந்ததா? மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி இருந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உள்நோயாளியாகத்தான் நிறுத்த வேண்டும். அந்த அளவுக்கு இல்லாதவருக்கு, வீட்டில் பொறுப்பான ஆள் இருந்தால், வெளிநோயாளியாகவே குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரம், பத்து நாளில் முடிப்பார்கள். தயமின் ஊசி கட்டாயம். மயங்கிக் கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது தப்பு. கூடவே தயமினும் போட வேண்டும்; இல்லையென்றால் மூளை பாதிக்கலாம், நினைவு போகலாம்.

மற்ற மூவருக்கும்: மாத்திரையையும் கூட்டத்தையும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்த வேண்டாம். நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும், கல்லீரல் பரிசோதனை பார்த்துக் கொடுப்பார்கள். டைசல்ஃபிராம் வேறு வகை. அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்க வேண்டும். நிறுத்தின பிறகும் 14 நாள் வரை அந்த வினை வரலாம். இருமல் டானிக், அரிஷ்டம், சானிடைசர் எதுவும் கூடாது. அரிஷ்டத்தில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்" என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும் பொடிகள் இருக்கின்றனவே, அதைத் தொழிலாளர் வீடுகளில் தயவுசெய்து எச்சரியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி ஏதாவது இருந்து, தெரியாமல் சாப்பிட்டவர் அரை பாட்டில் குடித்தால் சாகக்கூட நேரலாம்.

மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவர் வேலை. உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏஏ தன் வெளியீட்டிலேயே சொல்லியிருப்பது. கூட்டத்தில் யாராவது "மாத்திரையும் போதைதான்" என்றால் அது அவர் சொந்தக் கருத்து.

நிலக்கோட்டை_அக்கா:

தம்பி, நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. அந்த நாலு வீட்டையும் சேர்த்து எண்ணுங்க. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு தனிக் குழு இருக்கு, 1951லேர்ந்து. வீட்டுக்காரர் குடியை விட்டாலும் விடாட்டியும் மனைவி போகலாம், அம்மா போகலாம். பதின்வயசுப் பிள்ளைகளுக்கு ஆலட்டீன். பல ஊர்ல ஏஏ கூட்டம் நடக்கிற அதே நேரத்துல பக்கத்து அறையில நடக்கும், ஒரே பஸ்ல போய் ஒரே பஸ்ல வந்துடலாம். போன் பண்றப்ப இதையும் கேளுங்க. அது இல்லாத இடத்துல ஏஏவோட திறந்த கூட்டத்துக்காவது மனைவி ஒரு தடவை போய் உட்காரட்டும். "இது திமிரு இல்ல, நோய்"னு நாம நூறு தடவை சொல்றதவிட அங்க ஒரு மணி நேரம் கேட்டா புரிஞ்சிடும்.

வீட்ல தப்பு நடக்கிறது எங்கன்னா, சிகிச்சை முடிஞ்சு வந்தவரை தினம் சாயங்காலம் வாசல்லயே நிறுத்தி வாயை ஊதச் சொல்றது. சட்டைப் பையைத் துழாவறது. பத்து நாள் குடிக்காம இருந்தவருக்கு அது பெரிய அவமானம். "எப்படியும் நம்பப் போறதில்ல"ங்கிற எண்ணம்தான் முதல் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போகும். இன்னொரு பக்கம், அவர் குடிச்சிட்டுக் கிடக்கிறப்ப ஆலைக்கு போன் போட்டு "காய்ச்சல் சார்"னு பொய் சொல்றது. அந்த போன் உங்களுக்குத்தான் வருது தம்பி. பொய் சொன்னதுக்காக அந்தப் பொண்ணைக் கடிஞ்சுக்காதீங்க. "இனிமே அவரையே பேசச் சொல்லும்மா"ன்னு மட்டும் சொல்லுங்க.

சம்பள நாள், தீபாவளி போனஸ், கோயில் கொடை, கல்யாண வீடு. இந்த நாலும் தேதி தெரிஞ்ச ஆபத்து. போனஸ் வர்ற நாளைக்கு அவரே கேட்டு மனைவி கணக்குக்குப் பணத்தை மாத்திக்கலாம். பிடுங்கக் கூடாது, அவர் ஒப்புதலோட செய்யணும். அன்னைக்கு சாயங்காலம் ஒரு கூட்டமோ, குழுவுல ஒருத்தரோட போன் பேச்சோ முன்னாடியே ஏற்பாடு பண்ணி வைங்க. ராத்திரி போதையில இருக்கிறப்ப எந்தப் பேச்சும் வேணாம், காலையில பேசினா போதும். அடி உதை இருக்கிற வீடுன்னா அது தனி விஷயம். 181 பெண்கள் உதவி எண், அது மனைவி கைபேசியில இருக்கணும். அவர் திருந்துற வரைக்கும் பொறுத்துக்கோன்னு யாரும் சொல்லக் கூடாது.

பெண்களும் குடிநோயால கஷ்டப்படுறாங்க. முழுக்க ஆம்பளைங்க இருக்கிற கூட்டத்துல அவங்களுக்குப் பேச வராது. உதவி எண்ல "பெண் உறுப்பினர் யாராவது பேசுவாங்களா"ன்னு கேக்கச் சொல்லுங்க.

வேடசந்தூர்_தொழிலாளர்நலன்:

எல்லாருக்கும் நன்றி. நான்காமவரை நாளைக்கே ஈஎஸ்ஐ வழியாக அனுப்புகிறேன், காலையில் குடிக்கும் பழக்கம் உண்டு.

இன்னும் சில சந்தேகம். விசாரித்ததில் பல கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடப்பதாகத் தெரிகிறது. ஒரு தொழிலாளி "மதம் மாத்திடுவாங்களா" என்று கேட்டார். இரண்டாவது, வேடசந்தூரில் தொடங்கினால் ஆலைக் கூடத்தைத் தந்து, வருகிறவர்களுக்கு வருகைச் சீட்டு கொடுத்தால் நிர்வாகம் விடுப்பில் சலுகை தரத் தயாராக இருக்கிறது. மூன்றாவது, எந்த நேரத்தில் வைத்தாலும் ஒரு ஷிப்ட் ஆட்கள் வர முடியாதே?

வட்டநாற்காலி_மதுரை:

தேவாலயத்தில் நடப்பதற்குக் காரணம் வாடகை குறைவு, மாலையில் வகுப்பறை காலி, நாற்காலி இருக்கிறது. அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை. குடியிலிருந்து மீள ஏஏவில் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் இறைவன் என்ற சொல் வரும், "நாம் உணர்ந்தபடியான" என்ற அடைமொழியோடு. முருகனை நினைப்பவர் முருகனை நினைக்கலாம், அல்லாவை நினைப்பவர் அல்லாவை. சாமி நம்பிக்கை இல்லாதவர் அந்த அறையில் இருக்கிற மனிதர்களின் கூட்டு பலத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆலைக் கூடம் வேண்டாம் சார். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் விலகி நிற்பதுதான் உதவி. மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் எவனும் "நேற்று குடித்தேன்" என்று சொல்ல மாட்டான். அதைச் சொல்ல முடியாத கூட்டத்தால் பயனே இல்லை. வருகைச் சீட்டும் அப்படித்தான். சீட்டுக்காக வருகிறவர் கையெழுத்து வாங்கியதும் எழுந்து போவார், அவரைப் பார்த்து உண்மையாக வந்தவரும் வாயை மூடிக்கொள்வார். விடுப்புச் சலுகை தருவதானால் மருத்துவச் சிகிச்சைக்குத் தாருங்கள், கூட்டத்துக்குத் தர வேண்டாம். இன்னொன்று, குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் கூடினாலே ஏஏ குழு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குழுவாக வேறு எந்த நிறுவனத்தோடும் சார்பு இருக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. ஆலையின் பெயரில் நடந்தால் அது ஏஏ ஆகாது.

ஊருக்குள் நூலக அறை, பள்ளி வகுப்பறை, சங்கக் கட்டடம் ஏதாவது பாருங்கள். சும்மா கொடுத்தாலும் சிறு தொகையாவது வாடகையாகக் குழுவே கட்டட்டும். கட்டினால்தான் இடம் தன்னுடையது என்ற உரிமை வரும், கொடுத்தவர் வந்து உட்கார மாட்டார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் கடைவீதி முகப்பாகவும், டாஸ்மாக்கைத் தாண்டிப் போகும் பாதையாகவும் இருக்கக் கூடாது.

ஷிப்டுக்கு விடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு கூட்டம்: ஒன்று காலை 10.30க்கு, இன்னொன்று மாலை 3.30க்கு. முதல் ஷிப்ட் ஆள் 2 மணிக்கு வெளியே வந்து மாலைக் கூட்டத்துக்கு வருவார். இரவு ஷிப்ட் ஆள் தூங்கி எழுந்து அதற்கே வருவார். இரண்டாம் ஷிப்ட் ஆளுக்குக் காலைக் கூட்டம். ஷிப்ட் எப்படி மாறினாலும் வாரம் ஒன்று எல்லாருக்கும் கிடைக்கும். மாலை 3.30 என்பதற்கு வேறு காரணமும் உண்டு. டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவருக்குக் கடை திறந்திருக்கிறது, கையில் எட்டு மணி நேரம் இருக்கிறது, வயிறு காலி. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் குடிக்கு இழுக்கும் என்று குழுவில் அடிக்கடி சொல்வார்கள். 2 மணிக்கு ஆலை வாசலில் இந்த நான்கில் குறைந்தது மூன்று இருக்கும். அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வசதி செய்யுங்கள். இது நிர்வாகம் செய்யக்கூடிய நல்ல உதவி.

தொடங்குவதற்கு முன் மூன்று பேரும் ஒரு மாதமாவது திண்டுக்கல்லிலோ மதுரையிலோ நடக்கிற குழுவுக்குப் போய்ப் பழகட்டும். நடைமுறையைக் கண்ணால் பார்க்காமல் தொடங்கிய குழு அரட்டையாகப் போய்விடும். அங்கேயே ஸ்பான்சர் ஒருவரைப் பிடிக்கலாம், அதாவது பல வருடம் குடிக்காமல் இருக்கிற, படிகளைக் கடந்து வந்த ஒருவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அந்தப் பழைய குழுவிடம், முதல் சில மாதம் வாரம் ஒருவர் வேடசந்தூருக்கு வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். தமிழ்ப் புத்தகங்களும் அவர்கள் மூலம் கிடைக்கும்.

புதுக் குழுக்கள் மூடிப்போவது எதனால் என்றால், நேரத்தை மாற்றுவதால். "இன்னைக்கு மழை, ஒருத்தர்தான் வந்தார்" என்று ஒருமுறை பூட்டினால் அடுத்த வாரம் அந்த ஒருவரும் வர மாட்டார். ஒரே ஆள் வந்தாலும் விளக்கைப் போட்டு, முழு நேரம் உட்கார்ந்து, படித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அடுத்தது கைமாற்று. உறுப்பினருக்குள் கடன் கொடுத்தால் வாங்கியவர் முகத்தைக் காட்ட முடியாமல் கூட்டத்தை விட்டு நின்றுவிடுவார். நூறு ரூபாய்க்காக ஒரு ஆளின் மீட்சி போய்விடும். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பைப் பணத்தை ஒருவர் எண்ண, இன்னொருவர் நோட்டில் எழுதட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஏனென்றால் சாவிக்காரர் சறுக்கி மறுபடி குடித்தால் குழுவே வெளியே நிற்கும்.

குடித்துவிட்டு யாராவது வந்தால் விரட்ட வேண்டாம். பேசாமல் உட்காரச் சொல்லி, முடிந்ததும் வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். சறுக்கியவரை அடுத்த நாளே யாராவது போனில் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் ஒரு வாரத்தில் வெட்கம் கெட்டியாகிவிடும்.

வார்டு_சிஸ்டர்:

கூட்டத்தால் பயன் உண்டா என்று நிர்வாகம் ஆதாரம் கேட்டால் சொல்லுங்கள்: 2020இல் காக்ரேன் ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முறையாக ஏஏவுக்கு வழிப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது. கிராமத்திலேயே செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுத்து, பிறகும் தொடர்ந்து கவனித்தது.

இரவு ஷிப்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் சில வாரம் தூக்கம் சரியாக வராது. அது போகப் போகச் சரியாகும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தால் அதற்கே அடிமையாவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

வேடசந்தூர்_தொழிலாளர்நலன்:

கூடமும் சீட்டும் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடுகிறேன். 2 மணிக்கு வெளியே வருகிறவர்களுக்குக் கேன்டீனில் சாப்பாடு கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், குடிப்பவர் குடிக்காதவர் என்று பிரிக்காமல் ஷிப்ட் முழுவதற்கும். அப்படிச் செய்தால் யாருக்காக என்று வெளியே தெரியாது. மூன்று பேரிடமும் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டேன். இனி அழைப்பது அவர்கள்தான்.